பாண் வண்டிக் குதிரைகளும் எங்கள் சொல் வகுப்பும்

ஆங்கிலம் படிப்பிக்கிறவர்களுக்கு இலக்கணம்தான் எதிரி என்று வெளியில் இருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். உண்மையான எதிரி, “அப்பிடியெண்டா என்ன ரீச்சர்?” என்ற கேள்விதான். கரும்பலகைக்கு முன்னால் நின்று சோக்குத் தூள் தின்ற சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஒரு சொல்லுக்கு நாங்கள் இன்னொரு சொல்லைக் கொடுப்போம். பிள்ளை அதற்கும் ‘அப்பிடியெண்டா என்ன’ என்று கேட்கும். மூன்றாவது சொல்லில் நாங்கள் இருமத் தொடங்குவோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கொக்குவிலில், ரயில் பாதையோரத்தில் தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலில் இருமிக்கொண்டிருந்தேன். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் கூப்பிடுமட்டும் வீட்டில் சும்மா இருந்த என்னை, தில்லைநாதன் மாஸ்ரர் தன் ரியூட்டறிக்கு அழைத்து, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலத்தைத் தலையில் கட்டிவிட்டார். அவர் அடுத்த கொட்டிலில் கணிதம் படிப்பித்தார். பாடப்புத்தகத்தின் முதல் பாடம், ரயில்வே ஸ்ரேசனுக்கு எப்படி வழி கேட்பது என்பது. யுத்தத்தால் ரயில் நின்று நாளாகியிருந்தது. தண்டவாளத்தின் சிலிப்பர் கட்டைகள், குண்டுக்கு ஒளிக்கிற பங்கர்களுக்குக் கூரையாகப் போய்விட்டன. இல்லாத ஸ்ரேசனுக்கு வழி கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் வாங்கிலிலேயே நித்திரையானார்கள்.

மிளகாய்த்தூள் சுற்றிய அட்டை

அந்த நாளில் கடதாசிக்குப் பெரும் தட்டுப்பாடு. செல்லத்துரை அண்ணையின் பலசரக்குக் கடையில் எந்தச் சாமானையும் பழைய புத்தகத்தின் தாளில்தான் சுற்றித் தருவார். ஊரை விட்டுக் கொழும்புக்குப் போன யாரோ ஒரு படித்த குடும்பம், சாக்கு நிறையப் புத்தகத்தை அவரிடம் விட்டுப் போயிருந்தது. ஒரு நாள் மல்லி வாங்கப் போனபோது அவர் கையில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம். கிழிக்கப் போன பக்கத்தில் ஒரு படம்: ஒரு வெள்ளைக் குதிரையும் ஒரு செந்நிறக் குதிரையும், பின்னால் பாண் ஏற்றிய வண்டி. “அண்ணை, உதைக் கிழிக்காதேங்கோ!” என்று நான் போட்ட சத்தத்தில் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டிலிருந்த பழைய அப்பியாசக் கொப்பிகளை அதே நிறைக்குக் கொண்டுவந்து கொடுத்துப் புத்தகத்தை வாங்கினேன். கதை இதுதான்: ஏதோ ஒரு தூரத்து நாட்டுச் சிறு பட்டினத்தில் ஒரு பேக்கரிக்காரர். அவருடைய பாண் வண்டியை இழுப்பவை இந்த இரண்டு குதிரைகளும். யுத்தம் வருகிறது, இரண்டையும் பட்டாளம் கொண்டுபோகிறது. முதலில் பீரங்கி இழுக்கின்றன, பிறகு காயப்பட்டவர்களை ஏற்றிய வண்டியை. புத்தகத்தின் பெயர் என்ன, எழுதியவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. “முன்பக்கத்தைக் காணேல்லையே அண்ணை?” என்று கேட்டேன். செல்லத்துரை அண்ணை தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அட்டை நேற்றே மிளகாய்த்தூளோடை போயிட்டுது, தங்கச்சி. ஆனா குதிரை ரெண்டுக்கும் ஒரு சேதமுமில்லை.”

நாலு நடை

ஒரே ஒரு புத்தகம். வகுப்பில் நான் வாசிப்பேன். பிறகு முறை வைத்து ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வெள்ளைக் குதிரைக்கு ‘முத்து’ என்றும் மற்றதற்குச் ‘செம்பன்’ என்றும் முதல் நாளே பெயர் வைத்துவிட்டார்கள். மூன்றாம் பக்கத்தில் எனக்கு அடி விழுந்தது. குதிரை ஒரு இடத்தில் ‘வோக்’, ஒரு இடத்தில் ‘ட்ரொட்’, பிறகு ‘கன்ரர்’, பிறகு ‘கலப்’. என்னுடைய அகராதி முதலாவதற்கு நடை என்றது. மற்ற மூன்றுக்கும் ஓட்டம் என்றது. சுதன் என்று ஒரு பெடியன், எதையும் சும்மா விழுங்காதவன், கையை உயர்த்தினான். “மூண்டும் ஓட்டமெண்டா ஏன் ரீச்சர் மூண்டு சொல்?”

எங்கள் ஒருவருக்கும் குதிரை தெரியாது. எல்லோருக்கும் சைக்கிள் தெரியும். எல்லோரும் வெளியே வந்தோம். அம்மாவையும் விறகுக் கட்டையும் ஏற்றிக்கொண்டு பெடலை உழக்குவது வோக். பள்ளிக்கூடம் போகிற உழக்கல் ட்ரொட். பள்ளிக்கூடம் விட்டு வருகிற உழக்கல் கன்ரர். “கலப் எப்பிடி?” என்றேன். “ஹெலிக்கொப்ரர்ச் சத்தம் கேட்ட உடனை உழக்கிறது!” என்று வதனி என்ற பெட்டை கத்தினாள். அவ்வளவுதான். எல்லோரும் ‘ஹெலி, ஹெலி’ என்று கூவிக்கொண்டு வளவைச் சுற்றி உழக்கத் தொடங்கிவிட்டார்கள். புழுதி அடங்கிய பிறகுதான் பார்த்தோம், அடுத்த கொட்டிலில் ஒருவரும் இல்லை. கணித வகுப்பு முழுவதும் பங்கருக்குள் இருந்தது. கடைசியாக மாஸ்ரர் வேட்டியில் மண்ணோடு ஏறி வந்தார்.

“கலப் எண்ட சொல்லை இனி நான் சாகுமட்டும் மறக்கமாட்டன், ரஞ்சினி. நாளைக்கு எழும்பி ஓடத் தேவையில்லாத ஒரு சொல்லாப் பாத்துப் படிப்பியும்.”

அகராதிக்குத் தெரியாத பொருள்

கதையில் பட்டாளத்து அதிகாரி ஒருவர் பேக்கரி வாசலுக்கு வருகிறார். கையில் ஒரு கடதாசி. குதிரைகள் இரண்டும் ‘றிக்குவிசிஷன்’ செய்யப்பட்டுவிட்டதாகச் சொல்கிறார். ‘அரச தேவைக்காகக் கோருதல்’ என்று அகராதியில் இருந்ததை அப்படியே பலகையில் எழுதினேன். சுதன் எழுதவில்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். “கோருறதெண்டா கேக்கிறது. கேட்டா, இல்லையெண்டும் சொல்லலாம். பேக்கரிக்காரருக்கு இல்லையெண்டு சொல்லேலாதே ரீச்சர்?” நான் திரும்பி அவனையே கேட்டேன்: “அப்ப நீர் என்னெண்டு எழுதுவீர்?”

அவன் எழும்பி நின்று, ஒரு கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னான். “போன வருசம் எங்கடை முற்றத்திலை அப்பான்ரை லொறி நிண்டது. கொஞ்சப்பேர் வந்தவை. மரியாதையாத்தான் கதைச்சவை. அம்மா தேத்தண்ணி குடுத்தவ, குடிச்சவை. பிறகு அப்பா தன்ரை கையாலைதான் திறப்பைக் குடுத்தவர்.” யார் வந்தவர்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை; அப்போது ஊரைத் தங்கள் கையில் வைத்திருந்தவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் உட்காரப் போய், ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி நிமிர்ந்தான்.

“திருப்பித் தருவம் எண்டு சொல்லி எடுக்கிறதுதான் றிக்குவிசிஷன், ரீச்சர்.”

வேலியோரத்தில் இராசையா அண்ணை

அடுத்த நாள் பின்னேரம் சுதனின் தகப்பன் இராசையா அண்ணை வந்து வேலியோரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சத்தம் போட வந்தவர் என்றுதான் முகம் சொன்னது. ஆனால் குரல் இரகசியம்போல வந்தது. “பிள்ளை, நாளையிலையிருந்து சுதன் வரான். வகுப்பிலை லொறிக் கதை கதைச்சவனாம். இதுக்குள்ளை எத்தினை வீட்டுப் பிள்ளையள் இருக்கு? ஆற்றை காதுக்கு எது போகுமெண்டு உங்களுக்குத் தெரியுமோ? எனக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் கரைச்சல். உங்களுக்கும் தாய் தேப்பன் இருக்கினமெல்லோ?” பக்கத்துக் கொட்டிலில் மாஸ்ரர் கணக்குச் சொல்வதை நிறுத்திவிட்டார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், “அண்ணை, இந்தப் புத்தகத்தை நிப்பாட்டினா நாங்கள் பழையபடி ஸ்ரேசனுக்கு வழி கேக்கப் போக வேண்டியதுதான்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. கிடுகு இடைவெளிக்குள்ளால் உள்ளே பார்த்தார். பலகையில் சுதன் கீறிய குதிரை நின்றது. கால்கள் சரியில்லை, ஆனால் முதுகில் பூட்டிய வாரும், வாயில் கடிவாளமும், காலடியில் லாடமும் ஒவ்வொன்றாகக் கீறி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாஷையிலும் பெயர் எழுதியிருந்தான். மகனுடைய கையெழுத்தை அவர் எழுத்துக் கூட்டி வாசிப்பது தெரிந்தது. சைக்கிளைத் திருப்பிவிட்டுச் சொன்னார்:

“சரி, வரட்டும். ஆனா குதிரையைப் பற்றி மட்டும் கதையுங்கோ.”

குதிரை மட்டும்

அதற்குப் பிறகு நாங்கள் குதிரையைப் பற்றி மட்டும்தான் கதைத்தோம். அன்றைய பக்கத்தில், குதிரைகள் போன பிறகும் பேக்கரிக்காரர் காலையில் எழும்பித் தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறார். சுதன் வாசித்துக்கொண்டு வந்தவன் நிறுத்தினான். தலையை உயர்த்தாமலே கேட்டான். குதிரையைப் பற்றித்தான் கேட்டான்.

“கடதாசி குடுத்தவைதானே ரீச்சர், கடதாசி குடுத்தா திருப்பித் தரத்தானே வேணும்?”

நின்றபடி நித்திரை

‘முத்து நின்றபடி உறங்கியது’ என்று ஒரு வரி. வகுப்பு கலகலத்தது. வதனி, “எழுதினவருக்குக் குதிரையே தெரியாது ரீச்சர், நிண்டுகொண்டு ஆர் நித்திரை கொள்ளுறது?” என்றாள். எனக்கும் தெரியாது. “நாளைக்குப் பாத்துச் சொல்லுறன்” என்றேன். இந்த வசனத்தின் பெறுமதி இத்தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் பின் வாங்கிலிலிருந்து ஒரு குரல் வந்தது. நேசமலர். வகுப்பில் சேர்ந்து சில கிழமைதான். கொக்குவிலில் மாமி வீட்டில் இருக்கிறாள் என்பதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது. வாயே திறக்காத பிள்ளை. “பொய்யில்லை. நிண்டுதான் கொள்ளும். பின்னங்கால் ஒண்டை மட்டும் இளக்கி, நுனியிலை வைச்சிருக்கும். நான் கண்டனான்.”

எல்லாத் தலைகளும் திரும்பின. “எங்கை கண்டனீ?” “எங்கடை ஊரிலை. நெடுந்தீவிலை.” கடலுக்கு அங்கால், நெடுந்தீவில் குதிரை இருக்கிறது என்று சமூகக்கல்விப் பாடத்தில் எழுதியவர்கள்தான் நாங்கள் எல்லோரும். எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தோம். ஆனால் கண்டவள் ஒருத்தி எங்களோடேயே வாங்கிலில் இருக்கலாம் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. “குதிரை கனைக்கும் எண்டு படிச்சனாங்கள். எப்பிடிக் கனைக்கும்?” என்று சுதன் கேட்டான். அவள் வெட்கப்பட்டு மேசையில் முகத்தைக் கவிழ்த்தாள். எல்லோரும் கெஞ்சினார்கள். முகத்தைக் கவிழ்த்தபடியே ஒரு சத்தம் வந்தது. மெல்லியதாக, நடுங்கி நடுங்கி மேலே போய், பிறகு நெஞ்சுக்குள் இறங்கி முடிந்தது. மாஸ்ரர் சோக்கோடு வந்து ஓலைத் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“ஆர் பிள்ளை குதிரையை உள்ளுக்கு விட்டது?”

கட்டாக்காலி

அதிலிருந்து நேசமலர்தான் எங்கள் அகராதி. சண்டைக்குப் பிறகு ஆளில்லாமல் அலைகிற குதிரைகளை அந்தப் புத்தகம் ‘ஸ்ட்ரே’ என்றது. நான் ‘உரிமையாளரின்றித் திரியும் விலங்கு’ என்று எழுதினேன். அவள், “கட்டாக்காலி எண்டு எழுதலாமே ரீச்சர்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தோட்டத்துக்குள் புகுந்து மேயும் மாட்டுக்கும், வீட்டில் நில்லாத பெடியனுக்கும் சொல்கிற வசைச்சொல் அது. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை சரியாகப் பொருந்தும் என்று நானும் எண்ணியதில்லை. நான் எழுதிய நீண்ட வரியை அழித்தேன். பிள்ளைகள் கேள்வியில் இறங்கினார்கள். “உங்கடை ஊர்க் குதிரை ஆற்றை?” “ஒருத்தற்றையும் இல்லை. முந்தின காலத்து வெள்ளைக்காரர் விட்டிட்டுப் போனதாம்.” “அப்ப ஆர் சாப்பாடு போடுறது?” “தானாத்தான் மேயும். கோடையிலை தண்ணிக்குத்தான் கஸ்டம். தொட்டியடியிலை வந்து நிக்கும். அப்பா எங்கடை மாட்டுக்கு இறைக்கேக்கை அதுகளுக்கும் சேத்து இறைச்சு விடுவர்.”

“இப்ப ஆர் இறைக்கிறது?” என்று வதனி கேட்டாள். பிள்ளைத்தனமாகக் கேட்டதுதான். நேசமலர் பென்சிலை மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள். தீவுக்குச் சண்டை வருகிறது என்று சனம் எல்லாம் வள்ளத்தில் வெளிக்கிட்டபோது அம்மாவும் தம்பியும் தானும் ஏறினார்களாம். மாடுகளுக்கு ஒரு ஒழுங்கு பண்ணிவிட்டு அடுத்த வள்ளத்தில் வருகிறேன் என்று தகப்பன் கரையில் நின்றாராம். அதற்குப் பிறகு நேவிக்காரர் கடலைப் பூட்டிவிட்டார்கள், வள்ளம் ஓடவில்லை. ஒரு சேதியும் இல்லை. வதனிக்குக் கண் கலங்கிவிட்டது. நேசமலர் அழவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல, யோசித்துச் சொன்னாள்:

“அப்பா அங்கை இருக்கிறார் எண்டா, இறைப்பர்.”

சங்கக்கடை வரிசை

ஒரு நாள் மண்ணெண்ணெய்க்குக் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ஆண்கள் வரிசையிலிருந்து இராசையா அண்ணை கான் போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு வந்தார். வேலியடியில் நின்ற அதே முகம். அதே இரகசியக் குரல். இந்த முறை எந்தச் சொல்லோ, யாருடைய காதுக்கு எட்டியதோ? அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “பிள்ளை, அந்த வெள்ளைக் குதிரைக்குக் காலிலை காயம் பட்டதெல்லோ, அது சுகம் வருமோ?” என்று கேட்டார்.

அவர்களுடையது பொழுதுபட்டால் விளக்குக்கு எண்ணெய் இல்லாத வீடு. சுதன் தினமும் அன்றைய பக்கத்தைத் தமிழில் சொல்வானாம். தாயும் தகப்பனும் கேட்பார்களாம். சொல்லும்போது இடையில் ஆங்கிலச் சொல் ஒன்றை நிறுத்தி விளக்கமும் சொல்வானாம். “இப்ப மனிசி என்னைப் பாத்து, கலப்பிலை போய்க் கறி வேண்டிக்கொண்டு வாங்கோ எண்டுறா” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முடிவைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவசரமாகக் கையை ஆட்டினார்.

“வேண்டாம், வேண்டாம். தெரிஞ்சுகொண்டு இருந்தா, அவன் சொல்லேக்கை என்ரை முகம் காட்டிக் குடுத்திடும்.”

வகுப்பை விட்டுப் போகக் காரணம்

வகுப்பு நடுவில் வெளியே போவதென்றால் காரணத்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது என் சட்டம். அதனால் அந்த வகுப்பில் எல்லோருக்கும் ‘வயிற்று வலி’ என்பதற்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. ஒரு பின்னேரம் வேலிப் படலையடியில் ஒரு மனிதர் வந்து நின்றார். தாடி, கறுத்து மெலிந்த உடம்பு, போட்டிருந்தது யாருடையதோ பெரிய சேட்டு. கடலால் வந்து, வழியில் கண்டவர்களுடைய சைக்கிள் பாரில் ஏறி, மாமி வீட்டுக்குப் போய், பிள்ளை ரியூசனில் என்று கேட்டு நேரே வந்திருக்கிறார். இது எல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது, நேசமலர் எழும்பி நின்றதும், அவளுடைய கொப்பி நழுவி நிலத்தில் விழுந்ததும்தான். அவள் ஓடவில்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்: “அப்பா, மாடுகள்?” அவர் சொன்னார்: “அவிட்டு விட்டிட்டன், குஞ்சு. எல்லாத்தையும் அவிட்டு விட்டிட்டுத்தான் வந்தனான்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். போ பிள்ளை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள், சட்டத்தை மீறாமல் ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டாள்: “மை ஃபாதர் ஹாஸ் கம், ரீச்சர். ஹி டேர்ண்ட் தெம் லூஸ்.” டேர்ண்ட் லூஸ், கட்டவிழ்த்து விட்டார். அந்தத் தொடர் புத்தகத்தில் இன்னும் இரண்டு அத்தியாயம் தள்ளித்தான் வரும். வகுப்பில் நான் அதைத் தொடவேயில்லை. அந்தக் கிழமை புத்தகம் அவள் முறை. முந்திப் போய் வாசித்திருக்கிறாள். மாஸ்ரர்கூடத் தட்டியடியில் வந்து நின்றார்.

அவள் போய்த் தகப்பனின் சேட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் தலையில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். பிள்ளை தன்னைப் பற்றி இங்கிலீசில் என்ன சொன்னது என்று கேட்டார். மாடுகளை நீங்கள் கட்டவிழ்த்து விட்டதைத்தான் சொன்னாள் என்றேன். அவர் அதைக் கொஞ்சம் யோசித்தார். சொன்னது முழுவதும் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

“ஓம். கழுத்துக் கயிறையும் கழட்டித்தான் விட்டனான், ரீச்சர். இல்லையெண்டா எங்கையேன் பற்றையிலை சிக்கிப்போகும்.”

கண்ணால் காணாததை, கண்டுவந்த பிள்ளைகளுக்கு முன்னால் நின்று விளக்குவதுதான் எங்கள் தொழில். அதற்கும் கூசாமல் மாதம் முடிய எங்களைச் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள், நாங்களும் கூசாமல் போகிறோம்.